கிறிஸ்துமஸ் தாத்தா: கவிதை தந்த உருவம்

கிறிஸ்துமஸ் தாத்தா மரபின் வேர், நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள மைரா நகரில் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ். ஆனால் அவரது திருநாள் டிசம்பர் 6. டச்சு மரபில் அவர் வெள்ளைக் குதிரையில் வருபவர். அவரைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவுக்கு நகர்த்தி, பனிவண்டியில் ஏற்றியது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிதையே. 1821இல் நியூயார்க்கில் வெளிவந்த ஒரு சிறுவர் பாடலில் அவரது வண்டியை ஒரே ஒரு கலைமான் இழுக்கிறது; குறும்புக்காரப் பிள்ளைகளுக்கு அவர் பிரம்பையும் விட்டுச்செல்கிறார். 1823 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் டிராய் நகரச் செய்தித்தாள் ஒன்றில் ஆசிரியர் பெயரின்றி வந்த கவிதையில் கலைமான்கள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, பிரம்பைக் காணோம். கண்டிக்கும் ஆயர், புகைபோக்கி வழியே இறங்கிவரும் குண்டான, சிரித்த முகத்துக் கிழவராகிவிட்டார். அச்சம் நீங்கிய இந்த மாற்றமே மிக ஆழமானது: அதுவே பண்டிகையைக் குழந்தைகளின் பக்கம் திருப்பியது. பின்னாளில் கிளெமென்ட் கிளார்க் மூர் அக்கவிதைக்கு உரிமை கோரினார். ஹென்றி லிவிங்ஸ்டனின் வழித்தோன்றல்களோ அது தங்கள் முன்னோர் எழுதியது என்று கூறி அதை மறுத்தனர்.

இவ்வுருவம் கோகோ கோலா விளம்பரங்களின் படைப்பு என்பாரும் உண்டு. அவ்விளம்பரங்களுக்காக ஹாடன் சன்ட்ப்ளோம் வரையத் தொடங்கியது 1931இல். தாமஸ் நாஸ்டோ 1863 முதலே ஹார்பர்ஸ் வீக்லி இதழில் கிறிஸ்துமஸ் தாத்தாவை வரைந்துவந்தார். மரபைப் பரப்பியது வணிகம்தானே என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. எனினும் கடைக்காரர்கள் பரப்பியது கவிதை ஏற்கெனவே தீட்டிவைத்த கிழவரை. அவரது கலைமான்களுக்கு டச்சு வழக்கத்தில் முன்மாதிரி இல்லை.