எலும்பு கூடியபின் என்ன நிகழ்கிறது? எலும்புத் திசு முதிரும் விதம்

மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளில் நோயாளியும் அவரைக் கவனித்துக்கொள்வோரும் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "எலும்பு கூடிவிட்டதா?" மருத்துவர் "கூடிவிட்டது" என்று கூறினால், முறிந்த இரு முனைகளுக்கும் இடையே புதிய எலும்பு தோன்றி அவற்றை இணைத்துவிட்டது என்பது பொருள். அவ்வெலும்பு முதிர்ந்துவிட்டது என்பது அதன் பொருளன்று. கூடுவதற்கும் முதிர்வதற்கும் இடையே பல மாதங்களும், சிலருக்கு ஆண்டுகளும் கழிகின்றன. அக்காலத்தில் எலும்பினுள் நிகழ்வதை அறிந்துகொண்டால், உங்களுக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகளின் காரணம் விளங்கும்.

எலும்பு எதனால் ஆனது?

எலும்பு உயிருள்ள திசு. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப் பொருள். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். சிறிதளவு நீரும் உண்டு. தாது எலும்பிற்குக் கடினத்தைத் தருகிறது. கொலாஜன் நார், அது எளிதில் நொறுங்காதபடி காக்கிறது. கட்டடத் தூணில் கான்கிரீட்டும் கம்பியும் இணைந்து நிற்பதை இதற்கு ஒப்பிடலாம். கம்பி எவ்வளவு போடப்பட்டது என்பதைப் போலவே அது எவ்வாறு கட்டப்பட்டது என்பதும் தூணின் வலிமையைத் தீர்மானிக்கிறது. எலும்பிற்கும் இது பொருந்தும்.

இத்திசுவில் மூவகைச் செல்கள் பணிபுரிகின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் புதிய எலும்பை உருவாக்குகிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் பழைய எலும்பைக் கரைத்து அகற்றுகிறது. ஆஸ்டியோசைட் எலும்பினுள் சிறு குழிகளில் தங்கி, எலும்பின் மீது விழும் பளுவை உணர்ந்து மற்ற இரண்டிற்கும் செய்தி அனுப்புகிறது.

முதலில் தோன்றும் எலும்பு

கருவிலுள்ள குழந்தையிடத்தும், முறிவு ஆறத் தொடங்கும் இடத்திலும் முதலில் உருவாவது ஒரே வகை எலும்பு. இதனை "நெய்த எலும்பு" என்பர். பெயர் சற்றே தவறான எண்ணத்தைத் தரும்; நெசவின் ஒழுங்கு இதில் இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால், களத்தில் உதறிப்போட்ட வைக்கோலைப் போலக் கொலாஜன் நார்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கும். செல்கள் மிகுதியாகவும், பெரியனவாகவும், ஒழுங்கின்றியும் காணப்படும். இவ்வெலும்பின் சிறப்பு விரைவு ஒன்றே. இடைவெளியை விரைந்து நிரப்பிவிடும். ஆனால் வலிமையில் முதிர்ந்த எலும்பிற்கு ஈடாகாது.

முறிவு ஏற்பட்டவுடன் அவ்விடத்தில் இரத்தம் உறைகிறது. அடுத்த சில வாரங்களில் நார்த்திசுவும் குருத்தெலும்பும் சேர்ந்த மென்மையான இணைப்பு உருவாகிறது. பின்னர் அது நெய்த எலும்பாக மாறிக் கெட்டிப்படுகிறது. இவ்விணைப்பிற்குக் கேலஸ் என்று பெயர். எக்ஸ்ரே படத்தில் முறிவைச் சுற்றி மங்கலான வெண்படலமாகத் தெரிவதும், தோலின் மேல் கைவைத்தால் புடைப்பாகத் தட்டுப்படுவதும் இதுவே. "எலும்பு தவறாக வளர்ந்துவிட்டதோ" என்று பல குடும்பத்தினர் அஞ்சுகின்றனர். பெரும்பாலும் இது இயல்பான ஆறுதலின் அடையாளம். இதனைக் கரைக்கும் எண்ணத்துடன் எண்ணெய் தடவி அழுத்தி உருவிவிட வேண்டாம். உருவுவதால் எலும்பு கரையாது. இளம் இணைப்பிற்குத் தீங்கு நேரலாம்.

முதிர்ந்த எலும்பின் அமைப்பு

முதிர்ந்த எலும்பு அடுக்கு அடுக்காக அமைந்தது. ஓர் அடுக்கின் தடிப்பு ஏறத்தாழ 3 முதல் 7 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஓர் அடுக்கினுள் நார்கள் ஏறக்குறைய ஒரே திசையில் செல்லும். அடுத்த அடுக்கில் அத்திசை மாறும். பிளைவுட் பலகையில் மென்தகடுகளை மாற்றி மாற்றி ஒட்டுவதும் இதே காரணத்திற்காகத்தான். ஓர் அடுக்கில் தோன்றும் நுண்விரிசல் அடுத்த அடுக்கைக் கடக்க எளிதில் வழி கிடைப்பதில்லை.

கை கால்களின் நீண்ட எலும்புகளின் கெட்டியான பகுதியில் இவ்வடுக்குகள் மரத்தின் வளையங்களைப் போல ஒரு மையக் கால்வாயைச் சுற்றி அமைகின்றன. அக்கால்வாய் வழியே இரத்தக் குழாயும் நரம்பும் செல்கின்றன. 1691-இல் ஆங்கில மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸ் இக்கால்வாய்களை விவரித்தமையால் அவை ஹேவர்சியன் கால்வாய்கள் எனப்படுகின்றன. கால்வாயும் அதனைச் சூழ்ந்த அடுக்குகளும் சேர்ந்தது ஆஸ்டியான். அதன் குறுக்களவு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். குழிகளில் தங்கியுள்ள ஆஸ்டியோசைட்டுகள் மயிரிழையினும் நுண்ணிய வாய்க்கால்கள் வழியே தம்முள் தொடர்பு கொண்டு உணவைப் பெறுகின்றன.

ஒன்று மற்றொன்றாக மாறுவது எவ்வாறு?

நெய்த எலும்பின் நார்கள் தாமாகவே வரிசைப்படுவதில்லை. அவ்வெலும்பு சிறிது சிறிதாக அகற்றப்பட்டு, அதே இடத்தில் அடுக்கு எலும்பு புதிதாகக் கட்டப்படுகிறது. ஆஸ்டியோகிளாஸ்டுகள் சுரங்கம் தோண்டுவதைப் போல முன்னே செல்ல, ஆஸ்டியோபிளாஸ்டுகள் பின்தொடர்ந்து சுரங்கத்தின் சுவரில் அடுக்கின்மேல் அடுக்காக எலும்பை இடுகின்றன. ஓர் இடத்தில் கரைக்கும் பணி சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்பும் பணிக்கு ஏறத்தாழ 4 மாதங்கள் வேண்டும். இடப்பட்ட நார்களில் தாது படியத் தொடங்கவே பத்து நாட்கள் அளவில் ஆகும். அது முழுமையாகப் படிந்து முடிய மேலும் பல மாதங்கள் செல்லும். தோண்டப்பட்டு இன்னும் நிரம்பாத இடங்கள் அக்காலம் முழுவதும் எலும்பினுள் இருந்துகொண்டே இருக்கும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

குழந்தையின் உடலில் இம்மாற்றம் பிறப்பிற்குப் பின் தொடர்ந்து, ஏறத்தாழ 3 அல்லது 4 வயதிற்குள் பெரும்பாலும் நிறைவுறுகிறது. வயது வந்தோரிடத்தும் பழைய எலும்பைப் புதுப்பிக்கும் பணி நிற்பதில்லை. ஆண்டுதோறும் எலும்புக்கூட்டின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கப்படுகிறது. முதுமையிலும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின்னும், கரைக்கப்படும் அளவிற்கு நிரப்பப்படுவதில்லை. எலும்புப்புரை நோயின் அடிப்படை இதுவே.

இதனால் நீங்கள் செய்யவேண்டியது

முறிவு கூடுவதற்குப் பொதுவாகக் கையில் 6 முதல் 8 வாரங்களும், காலில் 12 வாரங்கள் அல்லது அதற்கு மேலும் ஆகும். குழந்தைகளுக்கு இதனினும் குறைவு. வலி நின்றுவிட்டது என்பதை எலும்பு முதிர்ந்ததற்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். முன்கை முறிந்த சிறுவர்களுக்குக் கட்டுப் பிரித்த அடுத்த சில மாதங்களில் அதே இடத்தில் மீண்டும் முறிவது உண்டு. பள்ளிக்கு அனுப்பலாம், கபடி, கால்பந்து, மரமேறுதல் ஆகியவற்றிற்கு மருத்துவரின் அனுமதி பெறுங்கள். உலோகத் தகட்டை அகற்றியவர்களுக்கும், திருகாணி இருந்த துளைகள் நிரம்பும்வரை இதே எச்சரிக்கை தேவை.

எனினும் அச்சத்தால் காலை ஊன்றாமலேயே இருப்பதும் தவறு. 1892-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப், எலும்பு தன்மீது விழும் பளுவிற்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று விளக்கினார். நார்கள் எத்திசையில் வரிசைப்பட வேண்டும் என்பதைப் பளுவே பெருமளவு தீர்மானிக்கிறது. பளு இல்லாத எலும்பு மெலியும். ஆகவே மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் கூறும் நாளில், கூறும் அளவிற்குக் காலை ஊன்றிப் பழகுங்கள்.

புகைபிடித்தல் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். இக்காலத்திலேனும் அதனை அறவே நிறுத்துங்கள். வைட்டமின் டி குறைந்தால் நார்கள் இடப்பட்டாலும் அவற்றில் தாது சரிவரப் படியாது. கேழ்வரகு, பால், தயிர், முள்ளுடன் உண்ணத்தக்க சிறுமீன் ஆகியன கால்சியம் மிக்கவை. நீரிழிவு இருப்பின் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நிலைகள்

கட்டு இருக்கும்போது வலி பொறுக்க முடியாத அளவிற்கு மிகுதல், விரல்கள் வெளுத்தல் அல்லது நீலம் பாய்தல், மரத்துப்போதல், விரல்களை அசைக்க இயலாமை ஆகியவை தோன்றினால் விடியும்வரை காத்திராதீர்கள். இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். கட்டுப் பிரித்தபின் முறிந்த இடத்தில் அசைவு தெரிந்தாலோ, புதிதாக வளைவு ஏற்பட்டாலோ, காய்ச்சலுடன் சிவந்து வீங்கினாலோ, அறுவைக் காயத்தில் சீழ் வடிந்தாலோ, குறைந்துவந்த வலி மீண்டும் கூடினாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரை தள்ளிப்போடாமல் பழைய எக்ஸ்ரே படங்களுடன் எலும்பு முறிவு சிகிச்சைப் பிரிவிற்குச் செல்லுங்கள்.