பால்கிருஷ்ண தோஷியும் அரண்யா குடியிருப்பும்

பால்கிருஷ்ண தோஷி (1927–2023) கட்டடக்கலைஞராகவும் ஆசிரியராகவும் அரை நூற்றாண்டுக்கு மேல் பணியாற்றியவர். புணேயில் மரச்சாமான் செய்யும் குடும்பத்தில் பிறந்தார்; பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தார், 1951 முதல் பாரிஸில் கட்டடக்கலைஞர் லெ கார்பூசியேயிடம் வேலை பார்த்தார். லெ கார்பூசியேயின் அகமதாபாத் கட்டடங்களை மேற்பார்வையிட வந்து, அங்கேயே தங்கிவிட்டார். 1962இல் அந்நகரில் கட்டடக்கலைப் பள்ளியையும், 1972இல் திட்டமிடல் பள்ளியையும் தொடங்கினார். இவையே பின்னர் செப்ட் பல்கலைக்கழகமாக வளர்ந்தன.

குடியிருப்பவர்களுக்கும் வீட்டமைப்பில் பங்கு உண்டு என்பது அவரது கொள்கை. 1973இல் எல்.ஐ.சி.க்காக அகமதாபாத்தில் அவர் வடிவமைத்த குடியிருப்பில், கீழ்த்தளத்தில் பெரிய வீடும் மேலே போகப்போகச் சிறிய வீடும் அமைந்தன. மாடி வெளிகளில் குடும்பங்கள் பின்னாளில் தேவைக்கேற்ப அறைகள் சேர்த்துக்கொண்டன.

1980களின் தொடக்கத்தில் இந்தூர் வளர்ச்சி ஆணையம் ஏழைகளுக்கான புதிய குடியிருப்பைத் திட்டமிடும் பொறுப்பை அவரிடம் தந்தது. அவர் 1978இல் நிறுவிய வாஸ்து-சில்ப அறக்கட்டளை, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இந்தூரின் குடிசைப் பகுதிகளை ஆராய்ந்தது. மரநிழல், பெட்டிக்கடை, வாசல் திண்ணை, வண்டி நிறுத்துமிடம், வாசலிலேயே நடக்கும் கைத்தொழில் என மக்கள் தாங்களாகவே உருவாக்கிக்கொண்டவை ஒவ்வொன்றாக அளந்து வரையப்பட்டன. ஒழுங்கற்றவை என்று ஒதுக்கப்பட்ட குடிசைத் தெருக்கள் திட்டமிடுவோருக்குப் பாடமாயின.

அந்தப் பாடத்தின் மேல் எழுந்ததே அரண்யா. சுமார் 86 ஹெக்டேர் நிலத்தில் 6,500 மனைகள். ஏறத்தாழ 60,000 பேர் வாழ்வதற்கான திட்டம். பெரும்பாலான மனைகள் மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கே ஒதுக்கப்பட்டன. மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர். அதில் வீட்டுக்கான அடிமேடை, கழிப்பறை, குளியலறை, குடிநீர், மின்சாரம் ஆகியவை முதலில் அமையும். கையில் பணம் சேரச்சேரக் குடும்பமே மீதியைக் கட்டிக்கொள்ளும். எப்படியெல்லாம் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகள் எழுப்பப்பட்டன. பத்துப் பத்து வீடுகள் ஒரு தொகுதியாகத் தெருவை நோக்கி அமைந்தன. வாசல்தோறும் ஓட்லா என்னும் திண்ணைக்கு இடம் விடப்பட்டது. வசதியானவர்களுக்குப் பெரிய மனைகளை விற்று வந்த லாபம் ஏழைகளின் மனைச் செலவைத் தாங்கியது.

நாளடைவில் பல மனைகள் கைமாறின. பல வீடுகள் இடித்துக் கட்டப்பட்டன. ஆயினும் குடும்பத்தோடு சேர்ந்து வளரும் வீடு என்ற கருத்து அங்கே நடைமுறையில் நிரூபணமானது. 1995இல் அரண்யாவுக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. 2018இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியரானார் தோஷி.