ஒரு தாயின் குறிப்பேடும் டென்னிஸ் மட்டையும்

பொன்விழாக் காணும் நம் பங்கில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சிறுவர்கள் கோவில் வளாகத்தில் பந்தோடு இறங்குவதும், பீடத்தின் பின்னிருந்து உபதேசியார் அதட்டுவதும் நாம் நெடுநாள் கண்ட காட்சி. விளையாட்டுக்கும் விசுவாசத்துக்கும் என்ன உறவு என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்காகவே இம்மலரில் ஒரு சென்னைக் கத்தோலிக்கக் குடும்பத்தின் வரலாற்றை எழுத விழைந்தோம்.

விஜய் அமிர்தராஜ் 1953 டிசம்பர் 14 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை இராபர்ட் அமிர்தராஜ் இரயில்வேயில் பணியாற்றியவர். தாய் மேகி அம்மையார். ஆனந்த், விஜய், அசோக் என மூன்று ஆண்மக்கள். நடுப்பிள்ளையான விஜய்க்குச் சிறுவயதில் நுரையீரல் நோய். பள்ளியில் கழிந்த நாட்களைவிட மருத்துவமனையில் கழிந்த நாட்கள் அதிகமோ என்னும் நிலை. மகனுடைய படிப்பு பாழாகக் கூடாதென்று மேகி அம்மையார் தாமே வகுப்பறைக்குச் சென்று அமர்ந்தார். ஆசிரியர் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டார். பின்பு நோயுற்ற மகனருகே உட்கார்ந்து அதைக் கற்பித்தார்.

ஞானோபதேச வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த இரக்கச் செயல்கள் பதினான்கு. உடலைச் சார்ந்தவை ஏழு, ஆன்மாவைச் சார்ந்தவை ஏழு. நோயாளிகளைச் சந்திப்பது முதல் வகை. அறியாதோருக்குக் கற்பிப்பது இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே கட்டிலருகே செய்த தாய் இவர். சொந்த மகனுக்குச் செய்வது தருமமாகுமா என்று வாசகர் கேட்கலாம். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம்.

திறந்த வெளியில் ஓடியாடினால் பிள்ளையின் நுரையீரல் தேறும் என்று மருத்துவர்கள் கூறினர். அப்படித்தான் டென்னிஸ் மட்டை அவர் கைக்கு வந்தது. பயிற்சியளித்தவர் டி. ஏ. ராமாராவ். படிப்பு எழும்பூர் தொன் போஸ்கோ பள்ளியிலும், பின்னர் இலயோலாக் கல்லூரியிலும். தூரின் நகரத்து ஏழைச் சிறுவர்களை விளையாட்டால் கவர்ந்து மறைக்கல்வி புகட்டியவர் தொன் போஸ்கோ. அவர் சபையைச் சேர்ந்த பேராயர் லூயி மத்தியாஸ் ஆண்டகையின் காலத்தில், 1936 இல் பிறந்ததுதான் நமக்கு அண்மையிலுள்ள பூவிருந்தவல்லி திரு இருதயக் குருமடம்.

1973 இல், பத்தொன்பது வயதில், விஜய் விம்பிள்டன் காலிறுதியை எட்டினார். அதே ஆண்டு அமெரிக்கப் போட்டியில் மாவீரர் ராட் லேவரை வென்றார். மறு ஆண்டு இந்தியா டேவிஸ் கோப்பை இறுதியாட்டத்துக்குத் தகுதி பெற்றது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசோடு விளையாடுவதில்லை என்று நம் நாடு விலகியது. கோப்பை ஆடாமலே அவர்களுக்குப் போயிற்று. முடிவெடுத்தவர் விஜய் அல்லர். ஆனால் கைநழுவியது அவருடைய தலைமுறையின் கோப்பை. இந்தியா அன்று செய்தது சரியே என்பது எம் கருத்து. எனினும் அதற்கான விலையை இருபது வயது இளைஞர்கள் கொடுத்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. 1987 இல் விஜய்யின் தலைமையில் மீண்டும் இறுதியாட்டம் கிட்டியது, சுவீடனிடம் தோற்றோம்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். அந்நாட்களில் எம்.டி.எச். சாலையில் பேருந்தில் சென்ற அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்குப் பாடி வந்தது கண்ணை மூடினாலும் தெரியும்; பிரிட்டானியா பிஸ்கட் மணம் சொல்லிவிடும். அந்த நிறுவனமும் அமிர்தராஜ் குடும்பமும் சேர்ந்து 1985 வாக்கில் சென்னையில் ஒரு டென்னிஸ் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. நாட்டின் பல பகுதிகளிலிருந்து திறமையுள்ள சிறுவர்களைத் தேர்ந்து கொண்டுவந்தனர். டென்னிஸோ அன்றும் இன்றும் பணக்கார விளையாட்டு. மட்டைக்கும் பந்துக்குமே ஒரு தொழிலாளியின் சம்பளம் போதாது. பயிற்சியைப் பிறர் பார்த்துக்கொள்ள, வீட்டைப் பிரிந்து வந்த பிள்ளைகளுக்குத் தாயாக நின்றவர் மேகி அம்மையார். தம் மகனுக்காகத் திறந்த குறிப்பேட்டை அவர் மூடவில்லை என்றே நாம் இதைக் காண்கிறோம்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கல்கத்தாவிலிருந்து வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் லியாண்டர் பயஸ். 1990 இல் விம்பிள்டன் இளையோர் பட்டமும், 1996 இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலமும் அவருக்குக் கிடைத்தன. 1952 க்குப் பிறகு தனிநபராக இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

விஜய்யின் பணி வேறு வழியில் விரிந்தது. 2001 இல் ஐக்கிய நாடுகள் சபை அவரை அமைதித் தூதராக நியமித்தது. போதைப்பொருளுக்கும் எய்ட்ஸ் நோய்க்கும் எதிராக அவர் குரல் கொடுத்தார். இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன்முதல் வெளிப்பட்டது 1986 இல் நம் சென்னையிலேதான். நோயாளியைத் தொடவும் அஞ்சி, வீட்டை விட்டே விரட்டிய காலம் அது. ஜெபமாலை சொல்லும் வீடுகளும் இதற்கு விலக்கல்ல என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம். இருபதாண்டு கழிந்தும் அச்சம் முற்றும் நீங்காத நிலையில் ஒரு புகழ்பெற்ற விளையாட்டு வீரர் அதைப் பற்றி வாய்திறந்தது சிறிய காரியமன்று. 2006 இல் தம் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையையும் நிறுவினார். நோயாலும் துயர நிகழ்வுகளாலும் நலிந்த இந்திய ஏழைகளுக்கு உதவுவதே அதன் நோக்கம். ஜேம்ஸ் பாண்டு படத்தில் அவரைக் கண்டு கைதட்டிய நம்மில் பலருக்கு இது தெரியாது.

2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் பன்னாட்டு டென்னிஸ் புகழ்மன்றம் விஜய் அமிர்தராஜையும் லியாண்டர் பயஸையும் ஒரே நாளில் சேர்த்துக்கொண்டது. ஆசிய ஆண்களில் அச்சிறப்பைப் பெற்ற முதல்வர்கள் அவ்விருவரே. ஒருவர் மேகி அம்மையார் பெற்ற பிள்ளை. மற்றவர் வளர்த்த பிள்ளை. அம்மையார் அதைக் காண இருக்கவில்லை. 2019 இல் ஆண்டவரில் துயில் கொண்டுவிட்டார்.