நரம்புக் கோளாறிலிருந்து நோய்த்தொற்று வரை: எரிச்சல் குடல் நோயும் அதன் இணைநோய்களும்

1849ஆம் ஆண்டு ‘லண்டன் மெடிக்கல் கெசட்’ இதழில் கமிங் என்ற மருத்துவர் ஒரு விசித்திரமான வயிற்று நோயைப் பற்றி எழுதினார். ஒரே ஆளுக்குச் சில நாள் மலம் கட்டிக்கொள்கிறது, சில நாள் இளகிப் போகிறது. எதிரெதிரான இந்த இரண்டும் ஒரே நோயில் எப்படிச் சேர்கின்றன என்பதை விளக்கத் தன்னால் இயலாது என்று அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். நோயாளிகளுக்கு மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். அவர் கண்டது, ஐ.பி.எஸ். என்று மருத்துவர்கள் இன்று சுருக்கிச் சொல்லும் எரிச்சல் குடல் நோய்.

கமிங்கின் நேர்மை அடுத்த தலைமுறையிடம் நீடிக்கவில்லை. விளக்கம் கிடைக்காத இடத்தில் நோயாளியின் சுபாவம் வந்து உட்கார்ந்துகொண்டது. 1892இல் வெளிவந்த வில்லியம் ஆஸ்லரின் புகழ்பெற்ற பாடநூல், சளி கலந்த மலம் போகும் நோயாளிகளை ‘ஹிஸ்டீரியா’, மனச்சோர்வு ஆகியவற்றோடு சேர்த்தே பேசியது. தலைவலி, உடல்வலி, களைப்பு, மனக்கலக்கம் போன்ற இணைநோய்கள் தொடக்கத்திலிருந்தே மருத்துவர்களின் கண்ணில் பட்டுவந்தன. ஆனால் நூறாண்டுக்கும் மேலாக அவற்றை நோயாளியின் பலவீனத்துக்குச் சான்றாகவே வாசித்தார்கள். நோய் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் தடயங்களாக அவை மதிக்கப்பட்டது மிகப் பிந்தித்தான்.

மனத்துக்கும் குடலுக்கும் தொடர்பு உண்டு என்பதில் தவறில்லை. ஹார்வர்டில் வால்டர் கேனன் 1890களின் கடைசியில், பிஸ்மத் கலந்த உணவைப் பூனைகளுக்குக் கொடுத்து எக்ஸ்ரே வழியே பார்த்தபோது, பூனை கலவரப்பட்டவுடன் இரைப்பையின் அசைவு நின்றுபோவதைக் கண்டார். 1944இல் பீட்டர்ஸ், பார்கன் இருவரும் இன்றைய பெயரை நோய்க்கு இட்டார்கள். அதே பத்தாண்டில் நியூயார்க்கில் தாமஸ் ஆல்மி செய்த சோதனை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காதது. நோயற்ற மருத்துவ மாணவர் ஒருவரின் பெருங்குடலைக் குழாய்க் கருவியால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே புற்றுநோய் தெரிகிறது என்ற நாடகத்தை நடத்தினார். குடற்சுவர் சட்டென்று இறுகிச் சுருங்கியது. உண்மையைச் சொன்னதும் தளர்ந்தது. தலையை இறுக்கி வலியை உண்டாக்கியபோதும் குடல் இப்படியே நடந்துகொண்டது. ஆரோக்கியமான எவருடைய குடலும் அச்சத்துக்கும் வலிக்கும் இப்படித்தான் பதில் சொல்லும் என்பதே அதன் பொருள். நடைமுறையிலோ இது பதற்றக்காரர்களின் நோய் என்ற எண்ணத்துக்கே அந்தச் சோதனை உரம் போட்டது.

மாற்றுத் தடயமும் அப்போதே கையில் இருந்தது என்பதுதான் வருத்தம். இரண்டாம் உலகப் போரில் சீதபேதி கண்டு மீண்ட பிரிட்டிஷ் படைவீரர்களில் சிலருக்கு, கிருமி ஒழிந்த பிறகும் வயிறு சரியாகவில்லை. 1962இல் ஆக்ஸ்ஃபோர்டில் சௌத்ரியும் ட்ரூலவ்வும் 130 நோயாளிகளை ஆராய்ந்து, ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு இந்த நோய் ஒரு சீதபேதிக்குப் பின்னரே தொடங்கியது என்று எழுதினார்கள். அத்தகையோருக்குக் குணமாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதையும் கண்டார்கள். இந்த வரலாற்றில் ஒரே ஒரு ஆய்வைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதையே சொல்வேன். ஆனாலும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதைப் பெரிதாக எவரும் தொடரவில்லை.

இந்தியாவில் பிழை வேறு திசையில் போனது. இங்கே நாள்பட்ட வயிற்றுக் கோளாறு என்றாலே ‘அமீபா’ என்று சொல்லி மெட்ரோனிடசோல் மாத்திரையை மீண்டும் மீண்டும் எழுதிக்கொடுப்பது வழக்கமாயிற்று. சீதபேதியே இல்லாமல் வரும் அமீபா நோய் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா என்று இந்திய மருத்துவர்கள் 1997இல் ‘லான்செட்’ இதழில் கேள்வி எழுப்ப வேண்டியிருந்தது. அங்கே கிருமியை மறந்தார்கள். இங்கே எதற்கெடுத்தாலும் கிருமியையே பிடித்துக்கொண்டார்கள்.

1978இல் பிரிஸ்டலில் மேனிங் குழு அறிகுறிகளை வைத்தே நோயைக் கண்டறியும் வழியை வகுத்தது. ரோம் நகரில் தொடங்கிய நிபுணர் கூட்டங்கள் அதைச் செம்மைப்படுத்தின. 2016ஆம் ஆண்டின் நான்காம் ரோம் அளவுகோல்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு அதற்குத் தொடர்பு, மலம் போகும் தடவையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருக்க வேண்டும்.

வரையறை வந்ததால் இணைநோய்களை எண்ண முடிந்தது. 2002இல் வைட்ஹெட் குழு அதுவரையிலான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. ஃபைப்ரோமயால்ஜியா என்ற உடல்வலி நோய் உள்ளவர்களில் 49 சதவீதத்தினருக்கும், நாள்பட்ட களைப்பு நோயாளிகளில் 51 சதவீதத்தினருக்கும், தாடை மூட்டு வலி உள்ளவர்களில் 64 சதவீதத்தினருக்கும் ஐ.பி.எஸ். இருந்தது. மூட்டு மருத்துவர், பல் மருத்துவர், மகளிர் மருத்துவர், குடல் மருத்துவர் என்று நாலு வாசல் ஏறி இறங்கும் ஒரே பெண்மணிக்கு நாலு பெயரில் நோய் கிடைக்கிறது. 1999இலேயே வெஸ்லி, நிம்னுவான், ஷார்ப் மூவரும் இந்தப் பிரிவினை பெருமளவு மருத்துவத் துறைகள் பிரிந்திருப்பதால் உண்டானதே என்று வாதிட்டிருந்தார்கள். பாதி உண்மை என்பேன். பொதுவான வேர் எது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

விடையின் ஒரு பகுதி ஒரு பேரிடரிலிருந்து வந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சுமார் ஐயாயிரம் பேர் வாழும் ஊர் வாக்கர்ட்டன். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெய்த பெருமழையில் கால்நடைச் சாணம் கரைந்து குடிநீர்க் கிணறு ஒன்றில் இறங்கியது. குளோரின் போதுமான அளவு சேர்க்கப்படவில்லை. ஈ.கோலை, கேம்பைலோபாக்டர் கிருமிகளால் சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள். ஏழு பேர் இறந்தார்கள். பிறகு மார்ஷல், காலின்ஸ் முதலியோர் ஊராரைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். அப்போது நோய்வாய்ப்படாதவர்களில் 10.1 சதவீதத்தினருக்குப் புதிதாக ஐ.பி.எஸ். வந்தது, மருத்துவச் சான்றோடு தொற்று கண்டவர்களிடையே அது 36.2 சதவீதம். எட்டாண்டு கழித்தும், தொற்று கண்டோரில் 15.4 சதவீதத்தினர் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் சுபாவம் மாறியவர்கள் அல்லர். ஒரே குழாய்த் தண்ணீரைக் குடித்தவர்கள். அதே சமயம் பெண்களுக்கும், இளவயதினருக்கும், முன்பே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதலாக இருந்தது. மனமும் கிருமியும் ஒன்றையொன்று விலக்கும் விளக்கங்கள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி, மனமா குடலா, எது முந்தியது என்பது. ஆஸ்திரேலியாவில் கொலோஸ்கி, டேலி குழுவினர் பொதுமக்களைப் பன்னிரண்டு ஆண்டு பின்தொடர்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் பதற்றம் மிகுந்திருந்தவர்களுக்குப் பின்னாளில் குடல் கோளாறு வரும் வாய்ப்பு கூடியிருந்தது. மனநலம் சரியாகவே இருந்து குடல் கோளாறு மட்டும் கொண்டிருந்தவர்களிடமும் பிற்பாடு பதற்றமும் சோர்வும் கூடின. பழைய பாடநூல்கள் ஒருவழிப் பாதை என்று கருதியது இருவழிப் பாதை.

2021இல் 53,400 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்த ஒரு பன்னாட்டுக் குழு, இந்த நோயோடு தொடர்புள்ள ஆறு இடங்களைக் கண்டறிந்தது. அவற்றில் பல, மனநிலைக் கோளாறுகளோடும் பதற்றத்தோடும் நரம்பு மண்டலத்தோடும் தொடர்புடையவை. ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதைவிட, இரண்டுக்கும் பொதுவான பாதைகள் உடலுக்குள்ளேயே இருக்கின்றன என்பதே அவர்கள் கண்ட விளக்கம். அதே ஆண்டு பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு எலிகளிடம் வேறொரு கண்ணியைக் காட்டியது. குடலில் தொற்று இருக்கும்போது உண்ட உணவுப் புரதத்தைக் குடல் பகையாகப் பதிந்துகொள்கிறது. தொற்று நீங்கிய பிறகும் அதே உணவு வந்தால் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் தூண்டப்பட்டு வலி உண்டாகிறது. ஐ.பி.எஸ். நோயாளிகளின் குடற்சுவரில் கோதுமை, பால், சோயா ஆகியவற்றின் புரதங்களைச் செலுத்திப் பார்த்தபோது, செலுத்திய இடத்தில் மட்டும் வீக்கம் கண்டது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இந்த ஒவ்வாமை பிடிபடுவதில்லை. சாப்பிட்டால் வலிக்கிறது என்று அவர்கள் சொன்னதையும், எல்லாம் சரியாக இருக்கிறது என்ற பரிசோதனை முடிவையும் சேர்த்தே நம்புவதற்கு இப்போது இடமிருக்கிறது.