தானியங்கி கியர் கார்களில் எஞ்சின் பிரேக்கிங்

ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ள காவலூர், கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. 1,000 கிலோ எடையுள்ள கார் அங்கிருந்து 300 மீட்டர் கீழே இறங்கும்போது ஏறத்தாழ 30 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படும். பிரேக்கை மட்டுமே நம்பினால், இதில் பெரும்பகுதி வெப்பமாகி, அதன் பிடிப்பு குறையும். குறைந்த கியரில் இறங்கினால், எஞ்சினைச் சுழற்றும் சுமை சக்கரங்களின் மேல் விழுந்து வேகம் மட்டுப்படும். இதுவே எஞ்சின் பிரேக்கிங்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் அறிமுகப்படுத்திய ஹைட்ராமேட்டிக், பெருமளவில் உற்பத்தியான முதல் முழுத் தானியங்கி கியர் அமைப்பாகும். கிளட்ச் மிதி நீங்கியபோதும், ஓட்டுநர் தாமே தேர்ந்தெடுக்கும் 'லோ' நிலை அதில் இருந்தது.

இந்தியாவில் 2014இல் மாருதி சுசுகி செலேரியோ ஏஎம்டி வந்தபின், குறைந்த விலைக் கார்களிலும் தானியங்கி கியர் பரவியது. சமவெளிக்கு 'டி' நிலை போதும். நீண்ட இறக்கத்தில் அந்த நிலையில் விட்டால் பல கார்கள் உயர் கியருக்குத் தாமே மாறிவிடும். எனவே 'எல்' நிலைக்கோ, 'எம்' நிலையில் குறைந்த கியருக்கோ முன்கூட்டியே மாற்ற வேண்டும். நியூட்ரலில் எஞ்சினின் தடுப்பு அறவே கிடைக்காது. ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்ற மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய விதி, கிளட்ச் இல்லாத கார்களுக்கும் பொருந்தும்.