நோயாளிக்கு நோயாளி துணை

சில மாதங்களுக்கு முன்பு, தலைநகரில் நம் குடியிருப்பைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் காகிதம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தார். அவருடைய மகனுக்கு உடலின் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் ரண சிகிச்சை செய்யப்பட்டு, அவர் வீடு திரும்பி நான்கு நாட்களே ஆகியிருந்தன. மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய குறிப்புத்தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் இருந்தது. வீட்டில் சமைப்பவரோ தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாயார். மொழிபெயர்ப்பே நம் தொழிலாதலால் அம்மையார் அதை நம்மிடம் கொண்டுவந்தார்.

முதலில் நீராகாரம், பிறகு மசித்த ஆகாரம், அதன் பிறகு மிருதுவான உணவு. உண்ணும்போது தண்ணீர் பருகலாகாது. மற்ற வேளைகளில் சிறுகச் சிறுகப் பருக வேண்டும். ஒவ்வொரு கவளத்தையும் நன்றாக மென்று விழுங்க வேண்டும். பருப்பு, தயிர் போன்ற புரதம் நிறைந்த உணவுக்கே முதலிடம். சத்து மாத்திரைகளை ஒருநாளும் நிறுத்தலாகாது. இவற்றையெல்லாம் எளிதில் தமிழாக்கித் தந்தோம். கடைசி வரியில்தான் தடை ஏற்பட்டது. இச்சிகிச்சை செய்துகொண்டவர்கள் மாதந்தோறும் கூடும் கூட்டத்திற்குத் தவறாமல் வர வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

"வயிற்றில் செய்த சிகிச்சைக்கும் கூட்டத்திற்கும் என்ன சம்பந்தம், தம்பி? எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே! பத்துப் பேர் நடுவில் போய் நம் வீட்டுச் சங்கதியைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?" என்று அம்மையார் கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆயினும் அதற்கு ஒரு வரியில் விடை கூற நம்மால் இயலவில்லை. அந்த விடை நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு சரித்திரத்தில் அடங்கியிருக்கிறது. அதையே இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

1905-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் அச்சரித்திரம் தொடங்குகிறது எனலாம். காச நோயைத் தீர்க்கும் மருந்து அந்நாளில் கிடையாது. ஓய்வு, தூய காற்று, புஷ்டியான உணவு ஆகிய மூன்றுமே சிகிச்சை. வசதியுள்ளோர் மலைப்பிரதேசங்களிலிருந்த ஆரோக்கிய நிலையங்களுக்குச் சென்றனர். ஏழைகள் நெருக்கமான வீடுகளிலேயே கிடந்து வாடினர். ஜோஸப் பிராட் என்னும் வைத்தியர் இவ்வேழை நோயாளிகளை ஒன்றுசேர்த்து, ஒரு தேவாலயத்தின் பொருளுதவியுடன் வகுப்பு ஒன்றை நடத்தலானார். வகுப்பில் 25 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒவ்வொருவரும் தம் உணவையும் ஓய்வையும் உடற்சூட்டையும் நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். வாரந்தோறும் கூடுவார்கள், எடை பார்ப்பார்கள், எடை கூடியவரைக் கண்டு மற்றவர் ஊக்கம் பெறுவார்கள்.

ஒரே நேரத்தில் பலருக்குப் போதிக்கலாம் என்ற எண்ணத்துடன்தான் பிராட் இதைத் தொடங்கினார். நாளடைவில் அவர் கண்டது வேறு. வைத்தியரின் போதனையைக் காட்டிலும், ஒரே நோயால் பீடிக்கப்பட்டவர்களிடையே தோன்றிய தோழமை அவர்களைத் தேற்றியது. அவ்வகுப்பில் எடை ஏறியதற்காக மகிழ்ந்தார்கள். எடை இறங்கியதற்காக மகிழும் கூட்டங்கள் பிற்காலத்தில் தோன்றின. இரண்டிலும் உள்ள உண்மை ஒன்றேயாகும்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1935-இல், ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் இவ்வுண்மை மற்றொரு வடிவில் வெளிப்பட்டது. பங்கு வர்த்தகத்தில் ஈடுபட்டிருந்த பில் வில்ஸன் என்பவரும், பாப் ஸ்மித் என்னும் ரண வைத்தியரும் அங்குச் சந்தித்தனர். இருவரும் குடிப்பழக்கத்தால் சீரழிந்தவர்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று உலகெங்கும் பரவிய இயக்கம் அச்சந்திப்பிலிருந்து பிறந்தது. குடியிலிருந்து மீண்ட ஒருவர் சொல்வதைக் குடிப்பவர் செவிமடுக்கிறார். சொல்பவருக்கும் அவ்வாறு சொல்வதே காப்பாக அமைகிறது. உதவி பெறுபவரும் உதவி செய்பவரும் ஒருங்கே நலம் பெறுவது அவ்வியக்கத்தின் அடிப்படையாயிற்று.

உடற்பருமனால் துன்புற்றவர்களும் இவ்வழியைப் பின்பற்றினார்கள். 1948-இல் மில்வாக்கி நகரில் எஸ்தர் மான்ஸ் என்ற இல்லத்தரசி, தோழியர் சிலரைத் திரட்டி டாப்ஸ் என்னும் சங்கத்தை ஏற்படுத்தினார். 1963-இல் நியூயார்க் நகரில் ஜீன் நிடெட்ச் என்ற மாது வெயிட் வாட்சர்ஸ் என்னும் ஸ்தாபனத்தை நிறுவினார். இவ்விருவரும் மருத்துவம் பயின்றவர் அல்லர். தம் உடலின் பாரத்தைத் தாமே சுமந்து அறிந்தவர்கள்.

ரண சிகிச்சைக் கூடத்தின் வாயிலுக்கும் இத்தோழமை வந்து சேர்ந்தது. 1951-இல் பாஸ்டன் நகரில், இருதய ரண சிகிச்சையில் முன்னோடியான டாக்டர் டுவைட் ஹார்க்கனிடம் சிகிச்சை பெற்றுப் பிழைத்த நால்வர் கூடி, மெண்டட் ஹார்ட்ஸ் என்ற சங்கம் தோன்ற வழி செய்தனர். இருதயத்தைத் தொட்டுச் சிகிச்சை செய்வது பெரும் அபாயமெனக் கருதப்பட்ட காலம் அது. மறுநாள் சிகிச்சைக்குச் செல்ல வேண்டிய ஒருவருக்கு, அதே சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் எதிரே நாற்காலியில் அமர்ந்து பேசுவதைப்போன்ற ஆறுதல் வேறு எது?

அடுத்த ஆண்டு, 1952-இல், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற டெரீஸ் லாஸர் என்னும் நியூயார்க் மாது, தம்மைப்போன்ற பெண்களை நேரில் சென்று காணத் தொடங்கினார். கையைப் பழையபடி உயர்த்தப் பயிற்சி செய்வதற்காக ரப்பர் பந்தும் கயிறும் கொண்டுசென்றார். எந்த ஆடை பொருந்தும், கணவரிடம் எப்படிப் பேசுவது என்பன போன்ற, வைத்தியரிடம் கேட்கக் கூசும் கேள்விகளுக்கு அவரிடம் விடை கிடைத்தது. வைத்தியம் கற்காத ஒருவர் நோயாளிகளின் அருகே செல்வதை வைத்தியர் பலர் அந்நாளில் விரும்பவில்லை. ஆயினும் 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அவருடைய பணியைத் தன் பணியாகவே ஏற்றுக்கொண்டது.

இனி, இரைப்பைச் சிகிச்சையின் வரலாற்றுக்கு வருவோம். 1881-இல் வியன்னா நகரில் தியோடர் பில்ராத், புற்றுநோய் கண்ட இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக நீக்கினார். பின்னர் இரைப்பைப் புண்ணுக்கும் இத்தகைய சிகிச்சை வழக்கமாயிற்று. அவ்வாறு செய்துகொண்டவர்கள் சிறிதே உண்டார்கள், இளைத்தார்கள். இனிப்பு உண்டதும் சிலருக்குப் படபடப்பும் வியர்வையும் தலைச்சுற்றலும் கண்டன. உணவு குடலுக்குள் விரைந்து இறங்குவதால் உண்டாகும் தொல்லை அது. அக்காலத்தில் இவை சிகிச்சையின் குறைகளாகவே எண்ணப்பட்டன.

எடையைக் குறைப்பதற்கென்றே செய்த முதல் முயற்சிகள் இரைப்பையில் அன்று, சிறுகுடலில் நிகழ்ந்தன. 1954-இல் மின்னஸோட்டா மாநிலத்தைச் சேர்ந்த கிரெமன், லின்னர் முதலிய வைத்தியர்கள் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும் முறையை வெளியிட்டனர். 1969-இல் பேய்ன், டிவிண்ட் என்ற இருவர் வகுத்த முறையில், ஏறக்குறைய 20 அடி நீளமுள்ள சிறுகுடலின் மேற்பகுதியில் 14 அங்குலமும் கடைப்பகுதியில் 4 அங்குலமும் மட்டுமே உணவின் பாதையில் விடப்பட்டன. எடை வெகுவாகக் குறைந்தது. ஆனால் தீராத வயிற்றுப்போக்கும், சிறுநீரகக் கற்களும், மூட்டு வலியும், சிலருக்குக் கல்லீரல் சிதைவும் பின்தொடர்ந்தன. இவற்றில் பல, மாதங்களும் ஆண்டுகளும் சென்ற பின்னரே வெளிப்பட்டன. முடிவில் அம்முறை கைவிடப்பட்டது. தையல் பிரித்த நாளோடு சிகிச்சை முடிவதில்லை என்ற பாடத்தை மருத்துவ உலகம் இவ்வாறு மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

இதற்கிடையே 1966-இல் அயோவா சர்வகலாசாலையில் டாக்டர் எட்வர்ட் மேஸன் புதிய வழியொன்றைக் கண்டார். இரைப்பைப் புண்ணுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் இளைத்தே இருந்ததைக் கவனித்த அவர், முன்பு குறையாக எண்ணப்பட்டதையே மருந்தாக்கினார். இரைப்பையின் மேற்பகுதியை மட்டும் சிறு பையாக அமைத்து, அதைக் குடலோடு இணைத்தார். 1994-இல் சிறு துளைகளின் வழியாகவே இச்சிகிச்சையைச் செய்யும் முறை வெளியிடப்பட்டது. இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை நீக்கிக் குழாய்போல் ஆக்கும் முறை இந்நூற்றாண்டில் பெரிதும் பரவியது. நம் நாட்டில் இத்துறை வைத்தியர்களின் சங்கம் 2002-இல் ஏற்பட்டது.

1991-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையம் கூட்டிய நிபுணர் மகாநாடு, இச்சிகிச்சைக்கு ரண வைத்தியர் ஒருவர் மட்டும் போதாது, உணவு நிபுணரும் மனநல வைத்தியரும் வேண்டும், ஆயுள் முழுவதும் கண்காணிப்பு வேண்டும் என்று கூறியது. ஸ்வீடன் நாட்டில் 1987-இல் தொடங்கி நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியின் முடிவு 2007-இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவர்களிடையே மரணம் குறைந்திருந்தது என்று அது காட்டியது. ஆகவே சிகிச்சையின் பயனில் ஐயமில்லை.

எனினும் வயிறு சுருங்கிய வேகத்தில் மனம் மாறிவிடுவதில்லை. துயரம் வந்தபோதெல்லாம் உணவில் ஆறுதல் தேடியவருக்கு அந்த வாயில் அடைபட்டுப் போகிறது. 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், மதுவால் கேடுற்றோர் சிகிச்சைக்கு முன்பு 7.6 சதவீதமாகவும், இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமாகவும் இருந்தது தெரிந்தது. முதல் சில மாதங்களில் தலைமயிர் உதிர்வது பலருக்கு நேர்கிறது; பெரும்பாலும் அது மீண்டும் வளர்ந்துவிடும். ஆனால் அதை முன்னறியாதவர் கலங்கிப் போகிறார். எடை குறைவது திடீரென்று நின்றுவிடுகிறது. தோல் தொங்குகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் எடை சிறிது திரும்புகிறது. உழைக்காமல் இளைத்தார் என்று உறவினர் ஏளனம் செய்கின்றனர். இவற்றைக் கடந்து வந்த ஒருவர், "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று கூறும் சொல்லை எந்த மருந்துக் கடையிலும் வாங்க இயலாது.

கூட்டங்களுக்கு ஒழுங்காக வருவோரிடம் எடை கூடுதலாகக் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஊக்கம் உள்ளவர்களே கூட்டத்திற்கு வருகிறார்கள், ஆகையால் பயன் முழுவதையும் கூட்டத்தின் கணக்கில் எழுதலாகாது என்று ஆராய்ச்சியாளர்கள் எச்சரிக்கிறார்கள். அது நியாயமான எச்சரிக்கையே. மேலும், தோழமை வைத்தியத்துக்கு ஈடாகாது. நிற்காத வாந்தி, காய்ச்சல், கடும் வயிற்று வலி, இருதயப் படபடப்பு ஆகியவை கண்டால் தோழரைக் கேட்டுக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வாந்தி நீடித்தால் தயமின் என்னும் சத்து குறைந்து மூளையும் நரம்புகளும் கெட்டுவிடக்கூடும்.

கூட்டத்திலும் நல்லது, அல்லது உண்டு. இளைத்தவர்களை மட்டும் மேடையேற்றிப் பாராட்டும் கூட்டத்தில், எடை திரும்பியவர் வாய் திறக்க மாட்டார். அடுத்த மாதம் வரவும் மாட்டார். துணை மிகவும் வேண்டியிருக்கும் சமயத்திலேயே அவர் தனித்துப் போகிறார். பிராட்டின் வகுப்பில் குறிப்பேட்டை எல்லோரும் கொண்டுவந்தார்கள், நலிந்தவர் உட்பட, என்பதை நினைவில் வைத்தல் நலம்.

சொந்த ஊரை விட்டு வெகு தூரத்தில் வாழும் நம்மவர்க்கு இதில் தனித்த சங்கடம் ஒன்றுண்டு. உற்றார் அருகில் இல்லை. இருக்கும் சிலரோ அன்பை உணவாகவே பரிமாறுகிறார்கள். கலியாண வீட்டில் பாயசத்தை வேண்டாம் என்றால் மனத்தாங்கல் என்று பொருள்படுகிறது. அரைக் கிண்ணம் பாயசம் ஒருவருக்கு வியர்த்து மயக்கத்தைக் கொண்டுவரும் என்பதைப் பந்தியில் நின்று விளக்குவது எங்ஙனம்? ஆகவே பலர் விருந்துக்கே செல்லாமல் ஒதுங்கிவிடுகின்றனர்.

இவ்வளவையும் நாம் அம்மையாரிடம் ஒரே நாளில் சொல்லவில்லை, சுருங்கச் சொன்னோம். அடுத்த மாதம் மகனுடன் அவரும் கூட்டத்திற்குச் சென்று பின்வரிசையில் அமர்ந்திருந்தாராம். அருகில் அமர்ந்த பஞ்சாபி அம்மையார், தம் மருமகளுக்குப் பாசிப்பருப்பை எவ்வளவு நேரம் வேகவைத்து வடிகட்டினார் என்பதைக் கைச்சாடையாலேயே விளக்கினாராம்.

"அங்கே ஒருத்தர் எழுந்து, மூன்று வருஷத்தில் பத்துக் கிலோ திரும்பி ஏறிவிட்டது என்று சொன்னார், தம்பி. யாரும் சிரிக்கவில்லை. அவரைத்தான் எல்லோரும் அதிக நேரம் பேச விட்டார்கள்" என்று அம்மையார் நம்மிடம் கூறினார்.

நேயர்களின் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ இத்தகைய சிகிச்சை பெற்றவர் இருப்பின், அவர் கொண்டுவரும் குறிப்புத்தாளின் கடைசி வரியையும் சமைப்பவருக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். முதற்கூட்டத்திற்கு அவரைத் தனியே அனுப்பாமல் உடன் செல்லுங்கள். விருந்துக்கு அழைத்தால், அவர் எவ்வளவு உண்டார் என்று இலையைப் பார்க்காமல், அவர் வந்தமர்ந்ததையே உபசாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.