இரண்டு குரல், ஒரு கேசட்



நைட் ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போது நான் விடாமல் கேட்கும் பாட்டு 'கலோனியல் கசின்ஸ்' ஆல்பத்தின் 'கிருஷ்ணா'. 2009 கல்ச்சுரல்ஸில் நானும் என் ரூம்மேட்டும் பாடியது பலருக்கு ஞாபகம் இருக்கலாம். அதன் சரித்திரத்தை நம் மலரில் எழுதி வைக்க ஆசை.

ஆல்பம் வந்தது 1996-இல், மேக்னாசவுண்ட் வெளியீடாக. ஹூண்டாய் இந்தியாவில் கம்பெனி தொடங்கியதும் அதே வருஷம்தான். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது 1998-இல். ஹரிஹரன் கர்நாடக சங்கீதக் குடும்பத்துத் தமிழர், கஜல் பாடகர். 1992-இல் 'ரோஜா' படத்தில் தமிழுக்கு வந்தவர். லெஸ்லி லூயிஸ் கிடார்க்காரர், இந்தி சினிமா நடன இயக்குநர் பி.எல்.ராஜின் மகன். சினிமா தயவு இல்லாமலே ஆல்பம் ஹிட். எம்.டி.வி. அன்பிளக்டு நிகழ்ச்சியில் பாடிய முதல் இந்தியக் கலைஞர்களும் இவர்கள்தான்.

'கிருஷ்ணா'வின் வேர் ரொம்பப் பழசு. விஜயநகர காலத்து வியாசதீர்த்தர் குழந்தைக் கண்ணனைக் கூப்பிட்டு எழுதிய கன்னடப் பதம் அது. யமுனா கல்யாணி ராகம். ஹரிஹரன் அதை அதன் போக்கிலேயே பாடுகிறார். லெஸ்லி ஆங்கிலத்தில், எந்த மதத்துக் கடவுளாக வந்தாலும் சரி, வந்து காப்பாற்று என்று கேட்கிறார். இருவருமே மும்பைக்காரர்கள், 1992-93 கலவரத்தைப் பார்த்த ஊர் அது.

எனக்குப் பிடித்தது இதுதான்: ஒருவர் இன்னொருவராக மாறவே இல்லை. நம்ம பாஷையில் சொன்னால், இரண்டு பல்சக்கரம். பற்கள் தனித்தனியாக இருந்தால்தான் ஒன்றையொன்று சுற்றும். தேய்ந்து போனால் கியர் வழுக்கிவிடும்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாலு வருஷம் முன்னால் வாட்ஸ்அப்பில், மத விஷயமாக, நானும் அந்த ரூம்மேட்டும் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டோம். அதன் பிறகு பேச்சே இல்லை. ஒரே பாட்டைப் பாடினோமே தவிர, அது கேட்டுக்கொண்டதை நான் காதில் வாங்கவில்லை. முதலில் வரம்பு மீறியது நான்தான்.

இந்த மலர் அவன் கைக்கும் போகும். டேய், சந்திப்புக்கு வரும்போது கிடாரை எடுத்துட்டு வாடா. இங்கிலீஷ் வரிகள் உன்னோடது. கண்ணனை நான் கூப்பிடுறேன்.